அறவியலும் அழகியலும் எடுத்து மெய்யியல் ஆசிரியர் ஆவது எப்படி

ஒரு படம் ஒரு சாதியையோ பெண்களையோ இழிவுபடுத்துகிறது, ஆனால் பிரமாதமாக எடுத்திருக்கிறார்கள், இப்போது அது நல்ல படமா கெட்ட படமா? இந்த மாதிரிக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நண்பர்களோடு விடிய விடியச் சண்டை போடுகிறவர் நீங்கள் என்றால், உங்கள் கேள்விக்கென்றே மெய்யியல், அதாவது தத்துவம், என்று ஒரு துறை இருக்கிறது (நல்லது கெட்டது பற்றிக் கேட்பது அதன் அறவியல் பகுதி, கலையைப் பற்றிக் கேட்பது அழகியல் பகுதி), அதில் சம்பளத்தோடு வேலையும் இருக்கிறது. இடங்கள் குறைவு, வழி நீளம், ஆனாலும் வழி உண்டு. நான் பொறியியல் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு எம்.ஏ. மெய்யியலில் சேர்ந்தவன். அப்போது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் தெரிந்ததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் வருடக் கணக்கு, ஏனென்றால் வீட்டில் அதைத்தான் கேட்பார்கள். எம்.ஏ. இரண்டு வருடம். முனைவர் பட்டத்துக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிமுறைப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு வருடம் தர இடமிருக்கிறது. நடைமுறையில் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிரந்தர வேலை கிடைக்கும்வரை கௌரவ விரிவுரையாளராகவோ போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளராகவோ சில வருடங்கள். இருபத்திரண்டில் தொடங்கினால் முப்பதைத் தாண்டித்தான் கால் ஊன்ற முடியும். ஊன்றியபின் நிலைமை மோசமில்லை, உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. இடைப்பட்ட காலத்துக்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. அது கிடைக்காவிட்டால் அந்த ஐந்து வருடமும் கஷ்டம்தான், அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. கடன் இருக்கிற வீடு என்றால் ஜே.ஆர்.எஃப். கைக்கு வந்தபின் வேலையை விடுங்கள்.

எம்.ஏ.வுக்கு மெய்யியலில் இளநிலை படித்திருக்க வேண்டியதில்லை, பெரும்பாலான இடங்களில் எந்தப் பட்டமும் போதும். சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், ஜே.என்.யு., கொல்கத்தாவின் ஜாதவ்பூர் என்று இடங்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. ஜே.என்.யு.வில் மெய்யியல் மையத்தைத் தவிர கலை, அழகியலுக்குத் தனிப் பள்ளி ஒன்றும் இருக்கிறது. அங்கே ஓவியம், நாடகம், சினிமா ஆகியவற்றின் வரலாறும் கோட்பாடும்தான் மையம், மெய்யியல் துறை எதிர்பார்க்கிற வாதப் பயிற்சி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே சேர்ந்தாலும் தர்க்கம் நன்றாகச் சொல்லித் தருகிறார்களா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.

நம் ஊருக்கு இந்தத் துறை புதிதும் இல்லை. ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ.வுக்கு எழுதிய ஆய்வேடே வேதாந்தத்தின் அறவியல் பற்றியதுதான், 1908இல் வெளிவந்தது. 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர், 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா, 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு. இவரைக் குடியரசுத் தலைவராகத்தான் நமக்குத் தெரியும், ஆனால் அந்தப் பட்டியலைக் கல்வித்துறை வாழ்க்கையாகப் பாருங்கள்: ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் பின்னால் எழுத்து இருந்தது. மைசூரில் இருந்த ஹிரியண்ணா இதற்கு நேர்மாறான ஆள். கொஞ்சமாக எழுதினார், இறுக்கமாக எழுதினார், இந்திய மெய்யியலில் மதிப்பு என்றால் என்ன, கலை அனுபவம் என்றால் என்ன என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே வேரிலிருந்து யோசித்தார். அறவியலையும் அழகியலையும் சேர்த்துப் படிக்க விரும்புகிற யாரும் அவரிடமிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

சரி, நெட் தேர்வு, அதாவது உதவிப் பேராசிரியர் வேலைக்கும் ஜே.ஆர்.எஃப்.க்கும் உரிய தேசியத் தகுதித் தேர்வு. இதைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள், மனப்பாடத் தேர்வு என்பார்கள். உண்மையும்கூட. ஆனால் இதுதான் கதவு, எனவே எட்டு மாதம் கொடுத்துத் தாண்டிவிடுங்கள். மூன்று மணி நேரம், முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், தவறான விடைக்குக் கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். மெய்யியல் பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் இந்திய அறவியலுக்கு ஒன்று, மேலை அறவியலுக்கு ஒன்று. கடைசி அலகான பயன்பாட்டு மெய்யியலிலும் மருத்துவ அறம், சூழல் அறம், ஊடக அறம் என்று பாதிக்கு மேல் அறவியல்தான். அழகியலுக்குத் தனி அலகு கிடையாது. திருவள்ளுவர் தற்கால இந்தியச் சிந்தனையாளர்களோடு ஒரே அலகில் இருக்கிறார், அங்கே போய்த் தேடுங்கள், பழைய இந்திய மெய்யியல் பகுதியில் கிடைக்கமாட்டார். 2024 முதல் நெட் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள், ஜே.ஆர்.எஃப். வராவிட்டாலும் அது வீணாகாது. ஆனால் அந்தச் சேர்க்கைக்கான தகுதி ஒரு வருடம்தான் செல்லும்.

அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு சேதி இருக்கிறது. அழகியல் மட்டும் தெரிந்தவருக்கு இந்தியாவில் வேலை அநேகமாக இல்லை. அறவியல் கற்பிக்கத் தெரிந்து, அழகியலில் ஆய்வு செய்கிறவருக்கு உண்டு. ஐ.ஐ.டி.க்களில் பொறியாளர்களுக்கு அறவியல், செயற்கை நுண்ணறிவின் அறம் என்று பாடம் நடத்த ஆள் தேடுகிறார்கள். மருத்துவக் கல்லூரிகளில் 2019இல் வந்த பாடத்திட்டத்திலிருந்து அறமும் தகவல் தொடர்பும் கட்டாயப் பகுதி. ஆகவே விண்ணப்பத்தில் ஆய்வுப் பகுதி என்று 'அறவியல், அழகியல்' இரண்டையும் போடுங்கள், கற்பிக்கக்கூடியவை என்று தர்க்கம், இந்திய மெய்யியல், பயன்பாட்டு அறவியல் மூன்றையும் போடுங்கள், போட்டுவிட்டு அவற்றை உண்மையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். இது வேலைக்கான தந்திரமாக மட்டும் படக்கூடாது. இரண்டு துறையும் கேட்பது கடைசியில் எது மதிக்கத்தக்கது என்பதைத்தான், சேர்த்துப் படிக்கும்போதுதான் இரண்டுமே விளங்குகின்றன.

இப்போது எனக்கு மிக முக்கியமானதுக்கு வருகிறேன்: கேள்வியைக் கண்டுபிடிப்பது. ஆய்வுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பெயரோடு வருகிறார்கள். "கான்ட்டின் அழகியல்", "காந்தியின் அறவியல்" என்று. அது தலைப்பு, கேள்வி ஆகாது. அதற்கு விடை தவறாக இருக்க வாய்ப்பே இல்லை பாருங்கள், அதுதான் அடையாளம். தவறாகப் போகக்கூடிய விடை உள்ள ஒன்றைத் தேடுங்கள்.

நான் தொடக்கத்தில் சொன்ன படக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 1996இல் அமெரிக்கரான நோயல் கரோல் ஒரு கட்டுரை எழுதுகிறார். ஒரு படைப்பின் ஒழுக்கக் குறை சில சமயம் அதன் கலைக் குறையும் ஆகிவிடும் என்கிறார்: இந்தக் கொடுமைக்காரனைப் பார்த்து உருகு என்று படைப்பு கேட்கிறது, நம்மால் உருக முடியவில்லை, ஆக அது தான் எடுத்த காரியத்தில் தோற்கிறது. 1998இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரிஸ் காட், 'சில சமயம்' போதாது என்கிறார். படைப்பு வெளிப்படுத்தும் மனப்பான்மை கண்டிக்கத்தக்கது என்றால் அந்த அளவுக்கு அது எப்போதுமே கலைக் குறைதான் என்று வாதிடுகிறார். இடையில் 1997இல் டேனியல் ஜேக்கப்சன் நேர் எதிராக, ஒழுக்கக் குறையே சில படைப்புகளின் பலமாக இருக்கலாம் என்கிறார். மூன்று பேர், ஒரே கேள்வி, மூன்று விடை, மூன்றும் சரியாக இருக்க முடியாது. காட் அந்த ஒரு கட்டுரையின் வாதத்தை ஒன்பது வருடம் வளர்த்து 2007இல் முழு நூலாக்கினார். கரோல் முதலில் சினிமா ஆய்வில் முனைவர் பட்டம் வாங்கி, அப்புறம் மெய்யியலில் இன்னொன்று வாங்கியவர், நாடகத்துக்கும் நடனத்துக்கும் விமர்சனம் எழுதிப் பழகியவர். நல்ல அழகியலாளர்கள் கலை பார்க்கிற பழக்கத்தை விடுவதே இல்லை. கூத்து, கச்சேரி, தெருவோரச் சுவரெழுத்து, எதுவானாலும் ஒரு கலையிலாவது உங்களுக்கு ஆழமான பழக்கம் வேண்டும்.

இந்த வகைக் கேள்வி நம் கையிலேயே கிடக்கிறது, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொல்காப்பியத்தில் உணர்வுகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியலைத் திறந்து பாருங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. நாட்டிய சாத்திரத்தின் எட்டு ரசங்களுக்கு (கலைச் சுவைகளுக்கு) இதைப் பொருத்தி ஓர் அட்டவணை போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்கள் நிறைய. ஆனால் தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம், சொல்கிறார், அங்கேதான் விஷயமே இருக்கிறது. பெருமிதம் எதிலிருந்து வருகிறது? கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை. வீரம் என்று நாம் எளிதாகப் பெயர்த்துவிடுகிற ஒன்றில் தறுகண் நாலில் ஒரு பங்குதான், கல்வியும் கொடையும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. வெகுளி எதிலிருந்து? உறுப்பறை (உறுப்பை வெட்டுதல்), குடிகோள் (குடியினரைக் கெடுத்தல்), அலை (துன்புறுத்தல்), கொலை. நான்கும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் கொடுமைகள், அதாவது இது வெறும் எரிச்சலோ சினமோ கிடையாது, அநியாயம் கண்டு வரும் கோபம். இளிவரல் இன்னும் விசேஷம்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. சமஸ்கிருத மரபின் அருவருப்போடு இதைச் சமன் செய்வது வழக்கம், ஆனால் முதுமையும் நோயும் வலுவின்மையும் எழுப்புகிற உணர்வு அருவருப்புத்தானா? பிறர் நிலை கண்டு வருவதா, தன் நிலை குறித்த கூச்சமா? ஒரு கலை நூல் தன் உணர்வுப் பட்டியலுக்குள் ஒழுக்க மதிப்பீட்டை வைத்திருக்கிறதா, வைத்திருந்தால் கரோலும் காட்டும் போடுகிற சண்டையில் 'கலை மதிப்பு ஒரு பக்கம், ஒழுக்க மதிப்பு ஒரு பக்கம்' என்று அவர்கள் தொடங்குகிற அந்தப் பிரிவே நிற்குமா? இதற்கு உரைகளைப் புரட்ட வேண்டும், தற்காலக் கட்டுரைகளையும் படிக்க வேண்டும். இரண்டும் செய்யக்கூடிய ஆட்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான், நீங்கள் அதில் ஒருவராக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "எல்லாம் நம்மிடம் முன்பே இருக்கிறது" என்ற தொனியில் எழுதினால், கட்டுரையை மதிப்பிடும் இதழ் நடுவர்கள் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள், மூடுவதும் நியாயம்தான். தொல்காப்பியரைப் புகழ்வதற்காக அவரை எடுக்காதீர்கள், அவரோடு வாதாட எடுங்கள்.

கேள்வி கிடைத்ததும் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தேடுங்கள், அந்த வரிசை மாறக்கூடாது. ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு நெறியாளராக இருக்கலாம் என்று வரம்பு உண்டு: பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. எனவே இடம் காலியா என்று முதலிலேயே கேட்டுவிடலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மின்னஞ்சலில் "ஐயா, தங்கள் வழிகாட்டுதலில் ஆய்வு செய்ய ஆவல்" என்று ஒரு பக்கம் பாராட்டு எழுதாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் என்று ஐந்து வரி, உங்கள் கேள்வி ஐந்து வரி, அவ்வளவு போதும். அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்கிறவர்களிடம் தனியாகப் பேசுங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் தருகிறார், மாணவர்களைச் சொந்த வேலைக்கு அலைக்கழிக்கிறாரா, இந்த இரண்டைக் கேட்டால் போதும், மிச்சம் அவர்கள் முகத்திலேயே தெரியும். பெரிய பெயர் உள்ளவரைவிட, எழுதியதை வரி வரியாகப் படிக்கிறவர் மேல்.

எழுத்தைப் பற்றி. மெய்யியல் கட்டுரை நிற்பதும் விழுவதும் எடுத்துக்காட்டில்தான் என்று நான் நம்புகிறேன். ஐரிஸ் மர்டாக் ஆக்ஸ்ஃபோர்டில் பதினைந்து வருடம் மெய்யியல் சொல்லிக்கொடுத்தவர், பிறகு முழுநேர நாவலாசிரியர். அவர் 1960களில் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு மாமியாரும் மருமகளும் வருகிறார்கள். மருமகளைப் பக்குவமில்லாதவள், நாகரிகம் போதாதவள் என்று மாமியார் மனதுக்குள் நினைக்கிறாள், வெளியே எந்தக் குறையும் தெரியாமல் நன்றாகவே நடந்துகொள்கிறாள். அப்புறம், என் பார்வையில்தான் கோளாறோ, மறுபடி பார்ப்போம் என்று முயன்று பார்க்கிறாள். பக்குவமின்மையாகத் தெரிந்தது துறுதுறுப்பாகத் தெரிகிறது. நடத்தையில் எதுவுமே மாறவில்லை, ஆனாலும் ஒழுக்க ரீதியாக ஏதோ நடந்திருக்கிறது என்பது மர்டாக்கின் வாதம். ஒழுக்கம் என்றால் தேர்ந்தெடுப்பதும் செய்வதும் மட்டும்தான் என்று அப்போது அங்கே கோலோச்சிய கருத்தை ஒரு வீட்டுக்குள் நடக்கிற விஷயத்தை வைத்து அசைத்துவிட்டார். ஓவியத்தை உற்றுப் பார்ப்பதும் மனிதரை உற்றுப் பார்ப்பதும் ஒரே பயிற்சி என்று அவர் காட்டுகிற வழியும் அதுதான். நீங்கள் எழுதும்போது "ஒருவர் ஒரு செயலைச் செய்கிறார் எனில்" என்று தொடங்காமல், யார், எங்கே, யாரிடம் என்று வைத்து எழுதிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று: ஆய்வு எந்த மொழியில் செய்தாலும் தமிழிலும் எழுதிப் பழகுங்கள். வாதத்தில் ஓட்டை இருந்தால் ஆங்கிலத்தில் பெரிய சொற்களால் மூடிவிடலாம், நம் வீட்டு மொழியில் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுத முயன்றால் ஓட்டை அப்படியே தெரிந்துவிடும். நான் ஒவ்வொரு கட்டுரையையும் முதலில் இரண்டு பக்கம் தமிழில் எழுதிக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

இதழில் வெளியிடுவது தனிக் கலை. அழகியலுக்கு பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் எஸ்தெட்டிக்ஸ், அமெரிக்காவின் ஜர்னல் ஆஃப் எஸ்தெட்டிக்ஸ் அண்ட் ஆர்ட் கிரிட்டிசிசம் இரண்டும் முதன்மை. ஒப்பீட்டு ஆய்வுக்கு ஃபிலாசஃபி ஈஸ்ட் அண்ட் வெஸ்ட். இந்தியாவில் ஐ.சி.பி.ஆர். (இந்திய மெய்யியல் ஆய்வுக் குழு) நடத்தும் இதழ். பெயரை மறைத்து அனுப்ப வேண்டும், நடுவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது, இந்த ஒரு ஏற்பாட்டால்தான் பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து எழுதுகிறவரும் உள்ளே நுழைய முடிகிறது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். நிராகரிப்புத்தான் வழக்கம், ஏற்பு விதிவிலக்கு. ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பவே கூடாது.

பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் வெளியிடும் இதழ்களிடம் போகாதீர்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறை எடுத்துவிட்டது, ஆனாலும் பயத்தில் பலர் அங்கே போய் விழுகிறார்கள். நானும் விழுந்தேன். எம்.ஏ. முடித்த புதிதில் ஓர் இதழுக்கு நாலாயிரம் ரூபாய் கட்டி ஒரு கட்டுரை போட்டேன், ஒரு எழுத்துப்பிழைகூடத் திருத்தாமல் வந்தது. பிறகு ஒரு நேர்காணலில் குழுவில் இருந்த ஓர் அம்மா அதைக் கையில் எடுத்து, "இதை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், தம்பி" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது எனக்குச் செய்த பெரிய உதவி. தரமான இதழ்கள் இவை என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டது, ஆகவே இதழின் தரத்தை நீங்களேதான் எடைபோட வேண்டும்: ஆசிரியர் குழுவில் யார், அவர்கள் எழுதியதை நீங்கள் படித்திருக்கிறீர்களா, நீங்கள் மதிக்கிற கட்டுரைகள் அந்த இதழை மேற்கோள் காட்டுகின்றனவா.

வெளிநாடு போவதானால் சுருக்கமாக இது: அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு நல்ல துறைகள் ஐந்து வருடம் போல உதவித்தொகை தருகின்றன, பதிலுக்கு வகுப்பெடுக்க வேண்டும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். அங்கே மதிப்பெண்ணைவிட நீங்கள் அனுப்பும் மாதிரிக் கட்டுரைதான் தீர்மானிக்கிறது, அதற்கு ஒரு முழு வருடம் கொடுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கிற ஆசிரியருக்கு ஆறு வாரம் முன்னதாகவாவது சொல்லுங்கள், கூடவே அந்தக் கட்டுரையையும் கொடுங்கள். படிப்பதற்குக் காசில்லை என்றால் ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியம் முழுதும் இலவசம், ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் அடுத்து என்ன படிப்பது என்று பட்டியல் இருக்கும், நான் வளர்ந்ததே அதில்தான்.

வேலை நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். உங்கள் ஆய்வேட்டைச் சுருக்கிச் சொல்லாதீர்கள். முதலாமாண்டு மாணவர் ஒருவர் எதிரே இருப்பதாக நினைத்து ஒரே கேள்வியைப் பலகையில் எழுதி, அதற்கு இரண்டு விடை, இரண்டுக்கும் ஒவ்வொரு மறுப்பு, அவ்வளவோடு நிறுத்துங்கள்.

இளிவரல் பற்றிய என் கட்டுரை இரண்டு இதழில் திரும்பி வந்தது. மூன்றாவது இடத்தில் நடுவர், அந்தச் சொல்லை நான் மூன்று இடத்தில் மூன்று விதமாக மொழிபெயர்த்திருக்கிறேன், வாதம் அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்கிறது என்று எழுதினார். சரியாகத்தான் பிடித்தார். நாலு மாதம் அதே சொல்லோடு உட்கார்ந்தேன், பொருந்துகிற ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை. கடைசியில் 'இளிவரல்' என்றே விட்டுவிட்டு, ஒன்றரைப் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு சொல் வந்து நின்றால் மொழிபெயர்க்க அவசரப்படாதீர்கள், அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்துக்கு இடம் ஒதுக்குங்கள்.